கறியை விடுவதா, காயைக் கூட்டுவதா?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த மகள் சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "அம்மா, இனிமே எனக்குக் கறி வேணாம். முட்டை, பால், தயிர்கூட வேணாம்" என்றாள். சிநேகிதி வீட்டுத் தொழுவத்தில் காளைக்கன்றை விற்று அனுப்பியதையும், தாய்ப்பசு ரெண்டு நாள் விடாமல் கத்தியதையும் நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அதே வாரம் மாமாவின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4. கறியைக் குறைத்துக் காயை நிறையச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை இருபது வருஷத்துக்கு முன் வடலூர் தருமச்சாலைக்குப் போய் வந்த நாளிலிருந்து கவிச்சி தொடாதவர். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். அவருக்கும் சர்க்கரை உண்டு. ஒரு வீடு, ஒரு அடுப்பு, ஐந்து தட்டு. எதை எப்படி மாற்றுவது என்று நானும் கணவரும் ஒன்றரை மாதம் யோசித்தோம். எங்களைப் போல ஒரே வீட்டுக்குள் மூன்று விதமாகச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கறியை விடாமல் காயைக் கூட்டுவது. செவ்வாய், வெள்ளி, புரட்டாசி என்று ஏற்கெனவே இருக்கும் சைவ நாட்களை நீட்டிப்பது. அத்தையைப் போலப் பால், தயிரோடு முழுச் சைவமாவது. மகள் கேட்பதுபோல நனிசைவம், அதாவது வீகன்.

எந்த வழி நல்லது என்று பேசுவதற்கு முன், இப்போது எவ்வளவு காய் சாப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டுமே. மாவு நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து ஒரு வாரம் எல்லாவற்றையும் நறுக்கிய பிறகு நிறுத்தேன். ஒரு சாதாரண புதன்கிழமைக் கணக்கு இது: ஐந்து பேருக்கான பொரியலுக்கு நறுக்கிய பீன்ஸ் 260 கிராம். சாம்பாரில் ஒரு முருங்கைக்காய், ரெண்டு கத்தரிக்காய், சேர்த்து 180 கிராம். காலையில் இட்லிக்கும் ராத்திரி தோசைக்கும் தேங்காய்ச் சட்னி. தலைக்கு 88 கிராம் காய். மத்தியானம் மாமாவின் தட்டில் விழுந்த சோறு மட்டும் 420 கிராம்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 400 கிராம் காயும் 100 கிராம் பழமும் வேண்டும் என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் காய், பழம் இரண்டும் சேர்த்தே குறைந்தது 400 கிராம் என்கிறது. நாங்கள் எந்தக் கணக்குக்கும் பக்கத்தில்கூட இல்லை. என்னை உலுக்கிய விஷயம் இன்னொன்று. கறி தின்கிற மாமா தட்டிலும், இருபது வருஷமாகச் சைவமான அத்தை தட்டிலும் காய் அதே 88 கிராம்தான். கறி இருந்த இடத்தில் அத்தைக்கு அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் இன்னொரு கரண்டிச் சோறும் உட்கார்ந்திருந்தன.

அந்த வாரத்தோடு என் கேள்வியே மாறிவிட்டது. கறி இருக்கிறதா இல்லையா என்று கேட்பதற்கு முன், சோற்றுக்கும் காய்க்கும் உள்ள விகிதத்தைக் கேட்க வேண்டும். நான்கு வழிகளையும் நான் இனிமேல் இந்தக் கண்ணாலேயே பார்க்கிறேன்.

முதல் வழி கறியோடு காய். 2014இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அதனால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் கைக்கெட்டும் வழி. நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின், எளிதில் உடம்பில் சேரும் இரும்பு, முழுமையான புரதம் எல்லாம் கவலையில்லாமல் கிடைக்கும். வீட்டில் சண்டை வராது. அமெரிக்காவில் அட்வெண்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த 73,000 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2013இல் வந்த ஆய்வில், இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது மற்றபடி சைவமாக இருந்து மீன் மட்டும் சேர்த்துக்கொண்டவர்களிடம். மத்தியும் நெத்திலியும் சாதாரணமாகக் கிடைக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சாஸேஜ், சலாமி போலப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலிலும், சிவப்பிறைச்சியை 'வாய்ப்பு அதிகம்' என்ற அடுத்த பட்டியலிலும் வைத்தது.

இந்த வழியில் இருக்கும் பெரிய ஓட்டை ஞாயிற்றுக்கிழமை. கறி எடுத்த அன்று எங்கள் வீட்டில் காயே வாங்க மாட்டோம். கறிக்குழம்பு, சுக்கா, ரசம், சோறு. காய் என்று பார்த்தால் வெங்காயம்தான். ஆனால் நம் சமையலிலேயே இதற்கு விடை இருக்கிறது. என் அம்மா கால் கிலோ கறியில் ஏழு பேருக்குக் குழம்பு வைப்பார். அதில் முருங்கைக்காயும் வாழைக்காயும் சுரைக்காயும் கறியைவிட ரெண்டு மடங்கு மிதக்கும். தண்டுக்கீரையில் கருவாடு, நெத்திலியில் மாங்காய், முட்டைகோஸில் ரெண்டு முட்டை உடைத்து ஊற்றிய பொரியல் எல்லாம் இந்த வகைதான். கறி கிடைப்பது அரிதாக இருந்த காலத்துப் பழக்கம் அது. காசு வந்ததும் காயை எடுத்துவிட்டுக் கறியை நிரப்பிவிட்டோம்.

இரண்டாவது வழியான கிழமைச் சைவத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. வெள்ளிக்கிழமை கவிச்சி வேண்டாம் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியில் ஊரே சேர்ந்துகொள்ளும், கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் ஓடிவிடும். உணவுப் பழக்கத்தை மாற்ற முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட ஊர்த்துணை சாதாரணமாகக் கிடைக்காது. ஆனால் போன புரட்டாசியில் மாமாவின் வெறும்வயிற்றுச் சர்க்கரை இறங்கவில்லை, ஏறியது. காரணத்தைச் சமையல் குறிப்பில் தேடினேன்: சனிக்கிழமை தளிகையில் வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல், மற்ற நாளில் உருளை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் வறுவல். எல்லாம் சைவம்தான், பாதிக்கு மேல் மாவுச்சத்து. சைவ நாட்களைக் கூட்டுவதென்றால், அந்த நாட்களில் கறிக்குப் பதிலாகப் பருப்பும் சுண்டலும் கீரையும் வருமா, வறுவலும் இனிப்பும் வருமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பால் தயிரோடு முழுச் சைவம். இங்கிலாந்தில் 48,000 பேரைப் பதினெட்டு வருஷம் பின்தொடர்ந்த ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வு 2019இல் வெளியானது. கறி சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டால் சைவர்களுக்கு இதயத் தமனி நோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சைவத்தைப் புகழ்கிறவர்களையும், இரண்டாவதை மட்டும் காட்டிப் பயமுறுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்ததுதான் முடிவு. அந்த ஊர்ச் சைவத் தட்டும் நம் தட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அத்தையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ரெண்டு வருஷமாகப் பாதத்தில் எரிச்சல், விரலில் மரமரப்பு. சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றே ஒரு இடத்தில் சொல்லி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வேறொரு இடத்தில் பி12 பார்க்கச் சொன்ன பிறகுதான் அது தரைமட்டத்தில் இருப்பது தெரிந்தது. பி12 செடிகொடியில் கிடையாது. பாலில் கொஞ்சம் உண்டு, ஆனால் அத்தை குடிப்பது ரெண்டு வேளை அரை டம்ளர் காபி. போதாக்குறைக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார். நீண்ட நாள் எடுத்தால் அந்த மாத்திரை பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சைவமும் மெட்ஃபார்மினும் சேர்ந்திருக்கிற வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்! அவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்: ஒருமுறை பி12 பார்த்துவிடுங்கள். ஊசி போட்ட பிறகு அத்தைக்கு மரமரப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. தாமதமானால் நரம்பு முழுவதும் மீளாது.

நான்காவது நனிசைவம். இதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் இதில்தான் பயமும் தவறான தகவலும் அதிகம்.

மகள் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம். பிறகு எங்கள் வீட்டு வாராந்திரச் சமையலை ஒரு தாளில் எழுதினேன். இட்லி, தோசை, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, தேங்காய் போட்ட பொரியல், சுண்டல், புட்டு, தேங்காய்ப்பாலோடு இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், எள்ளுத் துவையல். எதிலும் பால் இல்லை. பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் ரொட்டியுமாகச் சாப்பிடும் ஒரு நாட்டில் வீகனாவது மலையேறுவது மாதிரி. தமிழ்ச் சமையலறையிலிருந்து பார்த்தால் வழியில் நிற்பவை மூன்றுதான்: காபி, தயிர், நெய். ஆனால் மூன்றுமே மனசோடு ஒட்டியவை. மோர் ஊற்றிச் சாப்பிடாமல் எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்று சொல்கிற வீடு எங்களுடையது.

புரதம் பற்றிய பயம் கணக்குப் போட்டதும் போய்விட்டது. அவள் வயதுப் பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 46 கிராம் வேண்டும். 60 கிராம் துவரம்பருப்பில் 13, ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, 30 கிராம் நிலக்கடலையில் 7, அரிசியும் கேழ்வரகுமாக 250 கிராமில் 18. கூட்டினால் சரியாக வந்துவிடுகிறது. அரிசியில் குறைவாக இருக்கும் அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இட்லியும் சாம்பார் சாதமும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு ஆழாக்குப் பருப்பு போட்டுத் தண்ணீராக நீட்டினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கடினம். நாளுக்கு ஆயிரம் மி.கி. வேண்டிய வயது அது. 100 மி.லி. பாலில் 120 மி.கி. அளவில் இருக்கும் சுண்ணாம்பு, 100 கிராம் கேழ்வரகில் 340க்கு மேலும், முருங்கைக்கீரையில் 300க்கு மேலும் இருக்கிறது. எள்ளில் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் எழுதியிருப்பது அத்தனையும் உடம்பில் சேர்வதில்லை. பசலை, தண்டுக்கீரை வகைகளில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் சேர்மானம் கூடும். அதே ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வுக் குழு 2020இல் சொன்னதை நான் மறைக்க விரும்பவில்லை: நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு கறி சாப்பிடுகிறவர்களைவிட 43 சதவீதம் அதிகம். எலும்பு உறுதியாகும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இது விளையாட்டில்லை. கேழ்வரகு தினமும் ஒரு வேளை, எள்ளு தினமும் ஒரு கரண்டி, சாயங்கால வெயிலில் ஸ்கிப்பிங் என்று அவளிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன்.

இரும்புக்கு வழி இருக்கிறது. கீரையோடு எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் கெடும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இறங்கும்.

பி12க்கு மட்டும் மாத்திரை, ஊசி அல்லது பி12 சேர்த்துத் தயாரித்த உணவைத் தவிர வழியே இல்லை. பழைய சோற்றில் பி12 இருக்கிறது, இட்லி மாவு புளித்தால் வந்துவிடும், சுருள்பாசி (ஸ்பைருலினா) போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எதையும் நம்பாதீர்கள். பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, சாப்பிடுங்கள். அதை பி12க்காக நம்பி இருந்தால், ஈரலில் சேர்ந்திருக்கும் பழைய இருப்பு சில வருஷம் தாங்கும். அந்தச் சில வருஷமும் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும், பிறகுதான் தெரியும். மகளிடம் நான் வைத்த ஒரே கண்டிப்பான நிபந்தனை இதுதான். மாத்திரை நின்றால் நனிசைவமும் நிற்கும்.

கடைகளில் விற்கும் செயற்கை மட்டன், வீகன் சீஸ், பாக்கெட் பாதாம் பால் எதுவும் இதற்குத் தேவையில்லை. பாதாம் பால் என்பது பெரும்பாலும் தண்ணீர், ஆவின் பாலைவிடப் பல மடங்கு விலை. பால் மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் சோயாப் பாலில் புரதமாவது இருக்கிறது.

எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் வராத ஒரு செலவு இருக்கிறது. ஐந்து பேருக்குத் தலைக்கு 400 கிராம் என்றால் தினம் ரெண்டு கிலோ காய். பணம் அவ்வளவு பயமுறுத்தவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999இல் தமிழ்நாட்டில் முதலில் திறந்தது அதுதான். சுரை, பூசணி, பீர்க்கை, புடலை, கொத்தவரை என்று அன்றைக்குக் குவிந்து கிடக்கும் நாட்டுக்காயாகப் பார்த்து எடுத்தால், ஒரு கிலோ ஆட்டுக்கறி விலையில் வாரம் முழுவதுக்கும் காய் வந்துவிடுகிறது. ஆனால் அந்த ரெண்டு கிலோவை ஆய்வதும் நறுக்குவதும் யார்? வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாக நரம்பையும் செதிலையும் கிள்ளி மோரில் போட முக்கால் மணி நேரம். கறி வாங்கினால் கடைக்காரரே வெட்டிக் கொடுத்துவிடுகிறார். 'காய் நிறையச் சாப்பிடுங்கள்' என்று எழுதித் தருகிறவர்கள் அந்த வேலை யார் தலையில் விழும் என்று எழுதுவதில்லை. எத்தனையோ வீடுகளில் இந்த மாற்றம் மூன்றாவது வாரத்தில் நின்றுபோவதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். என் வீட்டில் இரண்டாவது வாரமே நின்றது.

பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். ராத்திரி எட்டு மணிச் செய்தி ஓடும்போது காய்த்தட்டு கூடத்துக்கு வந்துவிடும். கணவர் பீன்ஸ், அவரைக்காய் நறுக்குவார். முருங்கைக்கீரைக்கு மாமா ஒரு வழி சொன்னார். அவருடைய அம்மா செய்தது. கொத்தை இறுக்கமாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் இலை தானாகக் காம்பை விட்டு உதிர்ந்திருக்கும். துணியை உதறினால் பச்சைக் குவியல், குச்சி தனியாகக் கையோடு வந்துவிடும். முக்கால் மணி நேர வேலை பத்து நிமிஷமாயிற்று.

எங்கள் முடிவு இது. ஐந்து பேரும் ஒரே வழிக்கு வர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டோம். வீட்டின் பொதுச் சமையல் முழுக்க நனிசைவம். நெய்யும் தயிரும் தனியாக மேசையில் இருக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். மாமாவுக்கு வாரம் ரெண்டு நாள் மீன், மாதம் ஒருமுறை ஆட்டுக்கறி, அதுவும் முருங்கைக்காயும் சுரைக்காயும் போட்ட என் அம்மாவின் குழம்பாக. அத்தை தன் சைவத்திலேயே இருக்கிறார், பி12 மட்டும் கூடியிருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி உண்டு: முதலில் கூட்டும் பொரியலும், அதில் பாதியாவது காலியான பிறகுதான் சோறு. காயை முதலில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். பந்தியில் இலை போட்டதும் நமக்கு முதலில் வைப்பதும் கூட்டு, பொரியல், பச்சடிதானே. சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.

ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய வீடாக இருந்தால், சர்க்கரை உள்ள பெரியவர்கள் நிறைந்த வீட்டுக்கு முதல் வழியைச் சொல்வேன், சோற்றைப் பாதியாக்கிக் காயை மூன்று மடங்காக்குவதோடு. உயிர்களுக்காகக் கறியை விட நினைக்கிறவருக்கு நான்காவதைத் தயங்காமல் சொல்வேன், பி12 மாத்திரையோடு. உடம்புக்காக மட்டும் என்றால் பாலை விட்டே ஆக வேண்டும் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, தக்காளி, வாழைத்தண்டு என்று திடீரென்று கூட்டக் கூடாது, பொட்டாசியம் ஏறும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை ஒரேயடியாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. இவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தட்டை மாற்ற வேண்டும்.

நாலு மாதம் கழித்து மறுபடி தராசை எடுத்தேன். தலைக்கு 310 கிராம். இன்னும் 400 வரவில்லை. மாமாவின் மத்தியானச் சோறு 220 கிராமாக இறங்கியிருக்கிறது, மூன்று மாதச் சராசரி 7.3.

தயிர் மட்டும் இன்னும் முடியாமல் இருக்கிறது. ஊறவைத்த நிலக்கடலையை அரைத்து, துணியில் பிழிந்து, காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவைத்து, பச்சைமிளகாய்க் காம்பு எட்டு போட்டு மூடிவைக்க வேண்டும். முதல் தடவை நீர்த்துப்போனது. ரெண்டாவது தடவை புளித்து நுரைத்தது. போன வியாழக்கிழமை காலையில் மகள் மூடியைத் திறந்து கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள், அசையவில்லை. அத்தை ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் பிசைந்து, கொஞ்சம் உப்பு போட்டு, ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கடலை வாசனை அடிக்குது பாப்பா. அடுத்த தடவை கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடு" என்றார்.